தொண்ணூறு நிமிடக் கோளாறு

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஒரு பெண் அழாமல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள்.

இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாக மாடிப்படியிலேயே அழத் தொடங்கி, நாற்காலியில் உட்காரும்போது பாதியை முடித்திருப்பார்கள். இவள் கையில் ஒரு காகிதக் கட்டு இருந்தது. முகத்தில் கோபம். காலில் இரண்டு வெவ்வேறு ஜோடிச் செருப்புகளில் ஒவ்வொன்று.

"என் பேரு ஹம்சா. வெல்கோர்ல சிப் டெஸ்டிங் இன்ஜினியர். இன்னிக்குப் பத்தரை மணிக்கு என்னை வேலைய விட்டு அனுப்பப்போறாங்க," என்றாள்.

என் முதலாளி விஜயலக்ஷ்மி காபி டம்ளரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இருபத்தாறு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடித்தவர். எரியாத கடைக்குத் தீ விபத்து எழுதியவர்களையும், உயிரோடிருந்த மாமனாருக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கியவர்களையும் பார்த்துப் பார்த்து, மனித குலத்தின் மேல் அவருக்கு ஒரு நிதானமான அவநம்பிக்கை வந்துவிட்டது. ஓய்வு பெற்றதும் லஸ்ஸில் ஒரு காபிப் பொடிக் கடைக்கு மேல் இந்த அலுவலகத்தைத் திறந்தார். நான் ஜேக்கப், சாந்தோம்காரன், அவருடைய உதவியாளன். விசிட்டிங் கார்டில் 'இணைப் புலனாய்வாளர்' என்று போட்டிருக்கிறது. கீழே போய் காபி வாங்கி வருவதும் புலனாய்வில் சேர்த்திதான்.

"உக்காருங்க," என்றார் விஜயலக்ஷ்மி. "முதல்ல என்ன தொலைஞ்சுது, அப்புறம் யார் மேல பழி, அப்புறம் அதை நீங்க செஞ்சீங்களா இல்லையா. இந்த வரிசையில சொல்லுங்க."

"செய்யல," என்றாள் ஹம்சா, வரிசையை உடைத்து.

லேப்டாப் பிராசஸர் செய்கிற கம்பெனிகள் உலகத்தில் எத்தனையோ. இந்த விவகாரத்துக்கு இரண்டு போதும். ஒன்று வெல்கோர், இன்னொன்று ட்ரைடஸ். வெல்கோர் எட்டு கோர் என்றால் ட்ரைடஸ் பத்து என்று சொல்லும். ட்ரைடஸ் பதினெட்டு மணி நேரம் பேட்டரி தாங்கும் என்றால், வெல்கோர் மறுநாளே இருபது என்று விளம்பரம் போடும். காசு கொடுத்து வாங்குகிறவன் ஒரு கல்யாண வீடியோவையும் பிரௌசரில் பன்னிரண்டு பக்கத்தையும் திறந்தால் போதும், இரண்டும் ஒரே மாதிரிதான் மூச்சு வாங்கும். இதற்காகத்தான் இரண்டு கம்பெனிகளும் பத்து வருடமாக ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன.

வெல்கோர் அடுத்த மாதம் வெளியிட இருக்கும் பிராசஸருக்கு 'அடையாறு' என்று பெயர். நதிகளின் பெயர் வைப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். சோதித்தது தேனாம்பேட்டைக் கிளை என்பதால் நம்மூர் நதிக்கு அந்தப் பெருமை. வெளிநாட்டிலிருக்கும் தலைமை அலுவலகத்தார் யாரும் கோட்டூர்புரம் பாலத்தில் நின்று அந்த நதியை மூக்கைத் திறந்துகொண்டு பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வேறு பெயர் கேட்டிருப்பார்கள்.

"போன திங்கட்கிழமை ட்ரைடஸ் மேடை போட்டு ஒரு படம் காட்டினாங்க," என்றாள் ஹம்சா. "எங்க சிப் தினமும் தொண்ணூறு நிமிஷம் தூங்கிடுதாம். எந்த நேரத்துல தூங்கும்னு அதுக்கே தெரியாதாம். உலகம் பூரா இப்ப அதுதான் பேச்சு. தொண்ணூறு நிமிடக் கோளாறுன்னு பேரே வெச்சுட்டாங்க."

எனக்கும் வந்திருந்தது. வரன் பார்ப்பதற்கு மட்டும் லேப்டாப்பைத் திறக்கும் என் அத்தை மகன்கூட அதை வாட்ஸாப்பில் அனுப்பி, 'உஷார்' என்று எழுதியிருந்தான்.

"கோளாறு உண்மையா?"

"இல்ல மேடம். மூணு வருஷமா அந்த சிப்போட கிடக்கேன். அது தூங்கல. ஆனா அவங்க கையில இருக்கற பதிவு நிஜம். எங்க சாம்பிள் லேப்டாப்ல ஓட்டினாத்தான் அந்த நம்பர்ஸ் வரும். அப்படி மூணு லேப்டாப்தான் சென்னையில இருக்கு. மூணு பேர் ரெண்டு வாரம் வீட்டுல வெச்சு டெஸ்ட் பண்ணினோம். அந்த ரெண்டு வாரத்துல ஒருத்தர் ஆபீஸுக்குத் தெரியாம தனியா ஓட்டி, அதை ட்ரைடஸுக்குக் கொடுத்திருக்காங்க."

"அந்த ஒருத்தர் நீங்கன்னு ஏன் முடிவு பண்ணினாங்க?"

"என் வீட்டுக்காரர் பிரணவ் ட்ரைடஸ்ல வேலை பாக்கறார்."

"வீட்டுல சண்டைக்கு விஷயம் தேடவே வேண்டாம்," என்றேன்.

"சண்டையே கிடையாது. ஆபீஸ் பேச்சு பேசக்கூடாதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டோம். வேளச்சேரில எங்க டைனிங் டேபிளுக்கு நடுவுல டேப் ஒட்டியிருக்கு. அந்தப் பக்கம் அவர் லேப்டாப், இந்தப் பக்கம் என்னுது."

"சாம்பார்?"

"நடுவுல."

விஜயலக்ஷ்மி முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஹம்சாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"வேலை போனா வேற தேடிக்கலாம். திருடின்னு பேரோட போனா இந்தத் துறையில எவன் வாசல்லயும் நிக்க முடியாது. அதோட, அந்த சிப் நல்ல சிப் மேடம். அதையும் சேர்த்துக் கெடுத்துட்டாங்க."

காகிதக் கட்டு என் கைக்கு வந்தது. ட்ரைடஸ் வெளியிட்ட பதிவின் நகல். ஒவ்வொரு சோதனையும் இருபது நிமிடம். ஒன்று முடிந்ததும் அடுத்ததை ஆள்தான் கையால் தொடங்க வேண்டும். காலையிலிருந்து இரவு வரை வரிசையாக ஓடியிருக்கிறது, நடுவில் ஒரு ஓட்டை மட்டும்.

"வெள்ளிக்கிழமைய எடு. எந்தெந்த நேரத்துல ஆரம்பிச்சிருக்குன்னு படி," என்றார் விஜயலக்ஷ்மி.

"ஒன்பது நாப்பத்தொண்ணு. பத்து மூணு. பத்து இருபத்தஞ்சு. அடுத்தது பன்னெண்டு மூணு."

"சனிக்கிழமை?"

"எட்டு முப்பத்தஞ்சு. எட்டு அம்பத்தாறு. அப்புறம் பத்து முப்பத்திரண்டு."

"ஞாயிறு?"

"சாயங்காலம் நாலு இருபது. அதுக்கப்புறம் ஆறு ரெண்டு. இந்த சிப்புக்கு யூனியன் இருக்கும் போல மேடம். தினம் ஒரு ஷிப்ட்ல ஓய்வு எடுக்குது."

அவர் சிரிக்கவில்லை. என் தலைக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே காபிப் பொடிக் கடைக்காரர் புது வருடத்துக்குக் கொடுத்த தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைய தாளை நான்தான் கிழித்திருந்தேன். எழுந்து போய்ப் படித்தேன். வெள்ளி. ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. சனிக்கிழமைத் தாளைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்பது முதல் பத்தரை. ஞாயிறு, நாலரை முதல் ஆறு.

ஹம்சா காகிதக் கட்டை வாங்கி மூன்று நாளையும் காலண்டரோடு ஒத்துப் பார்த்தாள். கீழே காபிக் கொட்டை அரைபடும் சத்தம் கேட்டது.

"ட்ரைடஸ்ல நூறு இன்ஜினியர் உக்காந்து இதை அனலைஸ் பண்ணியிருக்காங்க," என்றாள் ஹம்சா மெதுவாக.

"நூறு பேரும் வெளிநாட்டுல உக்காந்து பண்ணியிருப்பாங்க. லஸ் கார்னர்ல பூக்காரம்மாகிட்ட காட்டியிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க. உங்க வீட்டுக்காரர் பாக்கலையா?"

"என் புருஷன்ங்கறதால அவரை அந்த ரூமுக்குள்ளயே விடலையாம்."

"நல்ல பாதுகாப்பு," என்றார் விஜயலக்ஷ்மி. "சிப் தூங்கல. அதை ஸ்டார்ட் பண்ணினவர் ராகு காலம் பாத்திருக்கார். நீங்க பாப்பீங்களா?"

"எங்க ரிஜிஸ்டர் கல்யாணமே வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. சார்பதிவாளர் ஆபீஸ்ல அந்த நேரத்துலதான் கூட்டமே இல்ல. ஆபீஸுக்குக் கொடுத்த என் பதிவையும் பாருங்க, எல்லா நேரத்துலயும் ஆரம்பிச்சிருக்கேன்."

"மத்த ரெண்டு பேர்?"

"என் மேனேஜர் பரத்வாஜ் சார். இங்கதான், வடக்கு மாட வீதிப் பக்கம் வீடு. பூஜை, பஞ்சாங்கம் எல்லாம் உண்டு. இன்னொருத்தர் டைரக்டர் சங்கரன் சார். அடையாறுல இருக்கார். அவர் இதையெல்லாம் கிண்டல் பண்றவர். ஆயுத பூஜைக்கு வரமாட்டார், பொரி மட்டும் ரூமுக்கு அனுப்பச் சொல்லுவார். நான்தான் திருடினேன்னு முதல்ல சொன்னதும் அவர்தான்."

"கேஸ் முடிஞ்சுது," என்றேன் எழுந்து. "பஞ்சாங்கத்தை வெச்சிருக்கறவர்தான் ராகு காலம் பாப்பார். நான் போய் ஆட்டோ கூப்பிடறேன்."

எனக்கு இதில் கேலி செய்ய உரிமை குறைவு. எங்கள் வீட்டில் ராகு காலம் பார்ப்பதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை புனித அந்தோணியாரிடம் சொல்லாமல் என் அம்மா கேஸ் சிலிண்டர்கூட மாற்றமாட்டாள்.

ஹம்சாவை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு நாங்கள் பரத்வாஜ் வீட்டுக்கு நடந்தோம். அவரே கதவைத் திறந்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். நெற்றியில் திருநீறு, கழுத்தில் வெல்கோர் அடையாள அட்டை. இரண்டும் ஒரே நேரத்தில் இட்டுக்கொண்டவை போலப் புதிதாக இருந்தன. விசிட்டிங் கார்டை நீட்டினேன்.

"வாங்கோ. ஹம்சா அனுப்பிச்சாளா? பாவம், நல்ல பொண்ணு. இன்னிக்கு அவ லெட்டர்ல நானும் கையெழுத்துப் போடணுமாம். எனக்கு நாலு நாளா சோறே இறங்கலே."

"போடப்போறீங்களா?" என்றார் விஜயலக்ஷ்மி.

"போடலைன்னா என்னையும் சேத்து அனுப்பிச்சுடுவா. ரெண்டு பொண்கள் படிச்சிண்டிருக்கா," என்று அவர் தரையைப் பார்த்தார்.

கோழைத்தனத்தை இவ்வளவு மரியாதையாக ஒப்புக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை. கூடத்துச் சுவரில் தினசரி காலண்டர் இல்லை. ஆணியில் நூல் கட்டிப் பஞ்சாங்கம் தொங்கியது, ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. நான் முதலாளியின் முழங்கையை இடித்தேன். அவர் என்னைச் சட்டை செய்யவில்லை.

"ராகு காலம் பாப்பீங்களா?"

"பாக்காம? அந்த நேரத்துல எதையும் ஆரம்பிக்கமாட்டேன்."

"சிப் டெஸ்ட்டையும்?"

"அதையும்தான். நேரம் பாத்துத்தான் ஸ்டார்ட் பண்ணினேன். இதுல மறைக்க என்ன இருக்கு?"

நான் மனதுக்குள் கைவிலங்கே மாட்டிவிட்டேன். விஜயலக்ஷ்மி ஒன்றே ஒன்று கேட்டார்.

"இன்னிக்கு சூரியோதயம் எத்தனை மணிக்கு?"

"ஆறு முப்பத்திநாலு," என்றார் பரத்வாஜ், பஞ்சாங்கத்தைப் பார்க்காமலே.

விஜயலக்ஷ்மி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். தெருவில் நான் வெடித்தேன்.

"அந்த மனுஷன் வாயாலயே ஒத்துக்கிட்டார். நீங்க சூரியன் எப்ப எழுந்துதுன்னு விசாரிக்கறீங்க. சூரியன் மேல சந்தேகமா?"

"நான் கேக்க வந்ததே அது ஒண்ணுதான்," என்றார்.

ஆட்டோ கிடைத்தது. டிரைவர் ராயப்பேட்டை ஹைரோடில் நின்றுபோன வண்டிகளைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "இன்னா பண்றது சார். வெள்ளிக்கெழம பத்தரைக்குள்ள பூடணும்னு எல்லாரும் ஒரே டைம்ல ரோட்டுக்கு வந்துடறானுங்க. எல்டாம்ஸ் ரோட்டுல வேற பள்ளம் நோண்டிக்கினு கீறாங்க. ராகு காலம் ஸ்டார்ட்டாச்சுன்னா பாரு, ரோடு காலியா கீதும்."

"நீங்க பாப்பீங்களா?" என்றேன்.

"நமக்கின்னா நைனா. சிக்னல் பாத்தாலே போதும்."

வெல்கோரின் ஏழாவது மாடி மீட்டிங் அறைக்குள் நுழைந்தபோது மணி பத்து முப்பத்திரண்டு. சுவர்க் கடிகாரம் பெரியது, எல்லா நாற்காலியிலிருந்தும் தெரிந்தது. ஹம்சா ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மேஜையின் தலைப்பக்கம் மனிதவள அதிகாரி லிண்டா. அவர் முன்னால் வேலைநீக்கக் கடிதம், பக்கத்தில் ஒரு டிஷ்யூ பெட்டி. அழுகைக்கு அலுவலகமே ஏற்பாடு செய்துவிடுகிறது. பரத்வாஜ் எங்களுக்கு முன்பே வந்து, கடிகாரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

சங்கரன் கடைசியாக வந்தார். ஃபிரேம் இல்லாத கண்ணாடி, அயர்ன் கலையாத சட்டை, லேப்டாப் பை. உட்கார்ந்த பிறகும் பையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ஹம்சா துணைக்கு டிடெக்டிவ் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்களா?" என்றார் எங்களைப் பார்த்து. "மந்திரவாதி யாரும் ஃப்ரீயா இல்லையா?" பிறகு பரத்வாஜ் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டார். "என்ன பரத்வாஜ், கடிகாரத்தையே பாக்கறீங்க? ராகு வந்துட்டானா? நம்ம சிப் ஒரு செகண்டுக்கு நானூறு கோடி தடவை துடிக்குது. அதுல எந்தத் துடிப்புல வந்து உக்காருவான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

லிண்டா தொண்டையைச் செருமினார். "ரெண்டு கையெழுத்து வேணும். மேனேஜர், அப்புறம் டைரக்டர். அதுக்கு முன்னாடி ஹம்சா தரப்புல ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்."

நான் அலுவலகத்தில் கிழித்துக் கொண்டுவந்திருந்த காலண்டர் தாள்களை எடுக்கப் பையில் கைவிட்டேன். என் முதலாளி என் கையை அழுத்தி நிறுத்தினார்.

"சொல்ல ஒண்ணும் இல்லை," என்றார். "எங்ககிட்ட ஆதாரம் கிடையாது. கையெழுத்துப் போட்டுடுங்க."

ஹம்சா அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். எழுந்திருக்கப் போனாள். மேஜைக்குக் கீழே விஜயலக்ஷ்மி அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தது எனக்கு மட்டும் தெரிந்தது. இரண்டு வேறு செருப்போடு ஒருத்தி நம்மை நம்பி ஓடி வந்திருக்கிறாள், இந்த அம்மா என்ன செய்கிறார் என்று கோபம் வந்தது.

கடிதம் பரத்வாஜிடம் போனது. சரி, இப்போது இழுத்தடிப்பார், அப்போது முதலாளி பிடிக்கப்போகிறார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பரத்வாஜ் கடிகாரத்தைப் பார்த்தார். ஹம்சாவைப் பார்த்தார். "மன்னிச்சுக்கோம்மா," என்று முணுமுணுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மணி பத்து நாற்பத்தொன்று. ராகு காலம் பிறந்து பதினோரு நிமிடம். என் கேஸ் அந்த மேஜை மேலேயே செத்துப்போனது.

கடிதம் சங்கரனிடம் நகர்ந்தது. அவர் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், ஒரு கணம் கண் மேலே போனது. மூடியைத் திரும்பப் போட்டார்.

"தேதி எழுதின விதம் சரியில்லை. மாசத்தை எழுத்துல போடணும். வேற பிரிண்ட் எடுங்க."

லிண்டா வேறு பிரிண்ட் எடுத்து வந்தார். பரத்வாஜ் பத்து ஐம்பத்திரண்டுக்கு அவசரமாக மறுபடி கையெழுத்திட்டார். சங்கரனுக்குக் காபி தேவைப்பட்டது. காபி வந்தது, சர்க்கரை அதிகம் என்று திரும்பிப் போனது. அடுத்த காபி வந்தபோது, ஒருவரை அனுப்புமுன் மனிதாபிமானத்தோடு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தொழில் தர்மம் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். எந்தத் திருடியும் இவ்வளவு நீளமான உபதேசத்தைக் கேட்டிருக்கமாட்டாள், பாதியில் ஜெயிலே மேல் என்று ஓடியிருப்பாள். பிறகு பாத்ரூம். பிறகு ஒரு போன், மறுமுனையில் ஆள் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிறகு கடிதத்தை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தார். பிறகு கறுப்பு மைதான் வேண்டும், நீலம் ஆகாது என்றார்.

ஹம்சா முதலில் மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்கு அவள் தலை நிமிர்ந்தது. சங்கரனைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி சங்கரனைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மூன்று வருடம் சோதனை செய்து பழகியவள், என்னை முந்திக்கொண்டாள்.

"சார், மெயில் அனுப்பணும். கையெழுத்து," என்றார் லிண்டா, நாலாவது தடவையாக.

"இந்தா, இதோ," என்று சங்கரன் கண்ணாடியைத் துடைத்தார். நல்ல துணியால், நன்றாக, ஆறு நிமிடம்.

பன்னிரண்டு அடித்தது. ஒரு நிமிடம் போனது. பன்னிரண்டு இரண்டுக்கு மூடியைக் கழற்றி, சரசரவென்று கையெழுத்துப் போட்டுக் கடிதத்தைத் தள்ளினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"ரொம்ப நன்றி," என்றார் விஜயலக்ஷ்மி. "அதுக்காகத்தான் காத்திருந்தேன்."

இப்போது காலண்டர் தாள்களும் ட்ரைடஸின் பதிவும் மேஜைக்கு வந்தன. அவர் லிண்டாவுக்குப் பொறுமையாகக் காட்டினார். வெள்ளி, சனி, ஞாயிறு என்று பதினாலு நாளும். லிண்டா இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, "உலகம் பூரா பேசற கோளாறு இதுவா?" என்றார்.

"இதுதான். இப்போ மூணு பேர். ஹம்சா எந்த நேரத்துலயும் ஆரம்பிப்பாங்க, ஆபீஸ் பதிவுலயே இருக்கு. பரத்வாஜ் சார், இன்னிக்கு உங்க கணக்குல ராகு காலம் எப்போ?"

"பத்து அம்பத்தஞ்சுலேர்ந்து பன்னெண்டு இருபத்திரண்டு," என்றார் பரத்வாஜ். "காலண்டர்ல அச்சடிக்கறது எல்லா ஊருக்கும் எல்லா நாளுக்கும் பொதுவா போடறது. காலம்பற ஆறு மணிக்கே சூரியன் வந்துட்டதா கணக்கு. நிஜமான உதயத்தை வெச்சுப் பாத்தாத்தான் சரியா வரும். தை மாசத்துல இருபது நிமிஷம் தள்ளிப் போகும்."

"இந்தப் பதிவுல ரெண்டு வெள்ளிக்கிழமையும் பன்னெண்டு மணி தாண்டினதும் டெஸ்ட் ஆரம்பிச்சிருக்கு. நீங்க ஆரம்பிப்பீங்களா?"

"சிவ சிவ. நடு ராகு காலம்னா அது."

"ஆக, காலண்டர் தாளைக் கிழிச்சுப் பாக்கற ஆள் ஒருத்தர் வேணும். ஹம்சாவை வெளிய அனுப்ப யாருக்கு ரொம்ப அவசரமோ, அவர் கையில கடிதத்தைக் கொடுத்து, பேனாவையும் கொடுத்து, போடுங்கன்னு கெஞ்சினோம். ஒன்றரை மணி நேரம் அவரால முடியல."

சங்கரன் சிரிக்க முயன்றார். "இதெல்லாம் ஒரு சாட்சியா? கோர்ட்ல சொன்னா வயிறு வலிக்கச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். மடியில இருக்கற பையை மேஜை மேல வைங்க."

அவர் வைக்கவில்லை. லிண்டா எழுந்து வந்து, "கம்பெனி லேப்டாப் சார்," என்று மட்டும் சொல்லிப் பையை எடுத்தார். ஹம்சாவிடம் கொடுத்தார். அவள் லேப்டாப்பைத் திறந்து தேடினாள். மூன்று நிமிடம் ஆனது.

"அழிச்சிருக்கார், ஆனா குப்பைத் தொட்டிய காலி பண்ணல," என்றாள். "முன்னூத்தி எட்டு டெஸ்ட். ட்ரைடஸ் காட்டின அதே முன்னூத்தி எட்டு."

அதைக் காலி செய்ய நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

சங்கரன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கண்ணாடி இல்லாமல் வயதானவராகத் தெரிந்தார். "ட்ரைடஸ்ல வைஸ் பிரசிடென்ட் தர்றேன்னாங்க. நம்ம சிப்போட வேகம் என்னன்னு மட்டும்தான் கேட்டாங்க. தூங்குதுன்னு அவங்களா கண்டுபிடிச்சாங்க. டி.வி.ல பாத்துட்டு எனக்குத் தலையே சுத்திடுச்சு. இல்லப்பா, அது நான்தான்னு எப்படிச் சொல்றது?"

"சொல்லியிருந்தா வேலையும் போயிருக்கும், பகுத்தறிவும் போயிருக்கும்," என்றேன்.

"முப்பது வயசுல சொந்தமா ஒரு கம்பெனி ஆரம்பிச்சேன்," என்றார் அவர், மேஜையைப் பார்த்து. "வேணும்னே ராகு காலத்துல. எல்லாரையும் கூப்பிட்டு, பாருங்கடான்னு ஆரம்பிச்சேன். எட்டு மாசத்துல மூழ்கிடுச்சு."

"மூழ்கறதுக்கு வேற காரணமே இல்லையா?" என்றார் விஜயலக்ஷ்மி.

"இருந்துது. நிறைய இருந்துது. ஆனா அதுக்கப்புறம் ரிஸ்க் எடுக்க முடியல."

ஒரு கணம் எனக்கு அவர் மேல் பரிதாபம் வந்தது. பிறகு மேஜைக்கடியில் ஹம்சாவின் செருப்பு கண்ணில் பட்டது, வந்த பரிதாபம் அப்படியே போய்விட்டது.

லிண்டா ஹம்சாவின் கடிதத்தை நாலாகக் கிழித்து டிஷ்யூ பெட்டிக்குள் போட்டார். வெளியே போய்க் கம்பெனியின் இந்தியத் தலைவரிடம் போனில் பேசிவிட்டு, புதிதாக ஒரு தாளோடு திரும்பினார். சங்கரனை இடைநீக்கம் செய்யும் உத்தரவு. "சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும். பரத்வாஜ் சார்."

பரத்வாஜ் பேனாவை எடுத்தார். கடிகாரம் பன்னிரண்டு பதினெட்டு காட்டியது. பேனாவைக் கீழே வைத்தார்.

"மன்னிக்கணும். பன்னெண்டு இருபத்திரண்டு ஆகட்டும்."

லிண்டா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகை இல்லை என்பது சத்தத்தில் தெரிந்தது.

"பரவாயில்ல, காத்திருக்கலாம்," என்றாள் ஹம்சா. தொடாமல் ஆறிப்போயிருந்த இரண்டாவது காபியைச் சங்கரன் பக்கம் நகர்த்தினாள். "குடிங்க சார். சர்க்கரை கம்மிதான்."

பிறகு தன் லேப்டாப்பைத் திறந்தாள். தலைமை அலுவலகத்துக்குக் கடிதம். அடையாற்றில் கோளாறு எதுவும் இல்லை, சோதித்தவள் நான், காரணம் கீழே விளக்கப்பட்டிருக்கிறது. அந்த மூன்றாவது விஷயத்தை வெளிநாட்டுக்காரனுக்கு எந்த மொழியில் எப்படி விளக்குவாள் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"ஹம்சா," என்றார் பரத்வாஜ் தயங்கித் தயங்கி. "நல்ல காரியம். இன்னும் நாலு நிமிஷம் பொறுத்து ஆரம்பியேன்ம்மா."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் கையெழுத்துப் போட்ட அந்தக் கையையும் பார்த்தாள்.

"நாலு நாளா பொறுத்துட்டேன் சார்," என்று சொல்லிவிட்டு, முதல் வரியில் தன் பெயரை டைப் செய்தாள்.